ஒட்டிய நகமும் கழற்றத் தெரியாத கையும்

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் காலம் தள்ளியவன், தேர்தலையும் யுத்தத்தையும் விலைவாசியையும் விட்டுவிட்டுப் பெண்களின் நகத்தைப் பற்றி எழுதப் புறப்பட்டிருக்கிறானே என்று வாசகர்களிற் சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள். கற்பிட்டியில் ஒரு கல்யாண வீட்டின் பின்விறாந்தையில் நான் கண்ட காட்சியே இதை எழுதத் தூண்டியது.

அந்த வீட்டுக்காரர் என் பழைய நண்பர். தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் புத்தளத்துக்கு பஸ் ஏறி வந்து, அஞ்சலகத்தில் காத்திருந்து எங்களுக்குச் செய்தி சொன்ன பிரதேச நிருபர். அவருடைய மூத்த பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். விருந்தினர் கலைந்த பின்னரும் நண்பர் விடவில்லை. செவ்வாய்க்கிழமை மாலையிலும் நான் அங்கேதான் இருந்தேன். களப்புப் பக்கமிருந்து வந்த காற்றை அனுபவிக்கலாம் என்று பின்விறாந்தைக்குப் போனபோது, இரண்டாவது பேத்தி ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து, விரலை வாய்க்குள் வைத்து எதையோ கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நின்றது.

கல்யாணத்துக்காக நகரத்தின் அழகு நிலையமொன்றில் பத்து விரலுக்கும் செயற்கை நகம் பொருத்தியிருந்தார்கள். அவளோ நண்டு பதனிடும் இடமொன்றில் வேலை செய்பவள். புதன்கிழமை விடியற்காலை வேலைக்குத் திரும்ப வேண்டும். உணவைக் கையாளும் இடத்தில் ஒட்டு நகத்துக்கு அனுமதியில்லை. தொழுகைக்கு வுழூ செய்கையில் நீர் நகத்தில் பட வேண்டுமென்பதால் அந்த மனவுறுத்தல் வேறு. இரண்டு நகங்களை ஏற்கெனவே எடுத்துவிட்டாள்: ஒன்று பல்லால், மற்றொன்று நகவெட்டியின் பிடியை நெம்புகோலாக்கி. ஒட்டு நகத்தோடு அவளுடைய சொந்த நகத்தின் மேற்படலமும் உரிந்து வந்திருந்தது. எஞ்சிய நகம் ஈரக் கடதாசி போல் வெளுத்து மெலிந்து, ஓரத்தில் இரத்தம் கசிந்தது.

"கழட்டத் தெரியல்ல மாமா. பூட்டின இடத்துக்கு போன் பண்ணினேன். மூணு கிழமையால வாங்க எண்டு சொல்றாங்க" என்றாள்.

உள்ளேயிருந்து அவளுடைய உம்மும்மாவின் குரல் வந்தது: "இதுக்குத்தான் மருதோண்டி போதும் எண்டு தலைப்பாடா அடிச்சுக்கொண்டேன்." கிழவி சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. மருதோன்றி நகத்துக்கு மேல் ஏறி உட்காருவதில்லை. நகத்துக்குள் ஊறி, நகம் வளர வளரத் தானே இறங்கிப் போய்விடும். கழற்றுவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஆனால் கையில் இரத்தம் கசிய உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த நியாயத்தால் என்ன பயன்?

அப்போது அவளுடைய தம்பி ஒரு சோடாப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தான். பைபர் படகு பழுது பார்க்கும் கொட்டிலில் வேலை செய்பவன். "அசிட்டோன் கொண்டு வந்திருக்கேன், இதில ஊற வெச்சாக் கழண்டிரும்" என்றான். யாரோ அவனுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். செயற்கை நகத்தை இளக்குவது அசிட்டோன்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு விடயம். மூடி திறந்த அந்தப் போத்தல் நின்ற இடத்திலிருந்து பத்தடிக்குள் குசினியில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. போத்தலில் பெயரில்லை. உள்ளே இருந்த திரவமும் தெளிவாக இல்லாமல் லேசாக நிறம் மாறியிருந்தது.

புத்தளம் மாவட்டக் கரையை அறியாத வாசகர்களுக்காக இங்கே சற்று நிற்கிறேன். சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், நுரைச்சோலை, ஆலங்குடா, கற்பிட்டி என்று நீளும் இந்தக் கரையில் மரத்தோணிகளின் இடத்தைப் பெருமளவுக்குக் கண்ணாடி இழைப் படகுகள் பிடித்துவிட்டன. படகில் ஓட்டை விழுந்தால் கண்ணாடி இழைத் துணியை வைத்து ரெசின் பூசி அடைப்பார்கள். ரெசின் இறுகுவதற்கு ஹார்ட்னர் என்ற திரவத்தைச் சில துளிகள் கலப்பார்கள். தூரிகையையும் கையையும் கழுவ அசிட்டோன். ஆகவே, கொழும்பில் தேடி வாங்க வேண்டிய அசிட்டோன் இங்கே கொட்டிலுக்குக் கொட்டில் கிடைக்கும். ஆனால் அது எத்தனையோ தூரிகைகள் முங்கியெழுந்த அசிட்டோன். அதில் ரெசினும் கரைந்திருக்கும். புண்பட்ட விரலில் அதை வைப்பது புண்ணுக்குள் படகுப் பசையை ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

ஹார்ட்னரின் கதை இன்னும் மோசம். வேதியியலில் அதற்கு மெதைல் எதைல் கீற்றோன் பேரொட்சைட்டு என்று பெயர். நிறமற்றது, சிறிய போத்தலில் வருவது, பார்வைக்கு அசிட்டோனைப் போன்றே இருப்பது. தோலை அரிக்கும். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதை அசிட்டோனோடு சேர்க்கவே கூடாது, வெடிக்கும் ஆபத்து உண்டு என்று அதைத் தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள். பெயரில்லாத சோடாப் போத்தல்கள் வரிசையாக நிற்கும் ஒரு கொட்டிலிலிருந்து அவசரத்தில் ஒரு பையன் எந்தப் போத்தலை எடுத்து வருவான் என்று யார் உறுதி சொல்ல முடியும்? நல்லவேளையாக அவன் கொண்டுவந்தது அசிட்டோன்தான். மணத்தில் தெரிந்தது. மணத்தை நம்பிப் பிழைத்தோம் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

போத்தலை மூடி வெளியே வேலியோரம் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது. என் தங்கையின் மகள் கனடாவில் நகக்கூடமொன்றில் எட்டு ஆண்டுகள் வேலை செய்தவள். வாட்ஸ்அப்பில் அழைத்தேன். அங்கே காலை ஏழரை மணி, வேலைக்குப் புறப்படும் அவசரம். அப்படியிருந்தும் கமராவைத் திருப்பச் சொல்லி ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

"மாமா, முதல்ல அவவின்ர வாயில இருந்து கையை எடுக்கச் சொல்லுங்கோ. பிறகு என்ன ஒட்டினவையெண்டு கேளுங்கோ. அது தெரியாமல் ஒண்டும் செய்யேலாது."

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் எவரிடமும் விடையில்லை. ஐயாயிரமோ ஆறாயிரமோ கொடுத்துத் தங்கள் பிள்ளையின் கையில் எதை ஒட்டிக்கொண்டோம் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த குறை இதுதான். அதற்குப் பின்னர் வருகிறேன். முதலில் கை.

செயற்கை நகம் என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பவை உண்மையில் வெவ்வேறு பொருட்கள். பெட்டியில் அளவு அளவாக வரும் பிளாஸ்டிக் நகத்தைப் பசையால் ஒட்டுவது ஒன்று. பொடியையும் திரவத்தையும் குழைத்து விரலிலேயே வார்ப்பது அக்ரிலிக். இது பல்வைத்தியர்கள் பொய்ப்பல் செய்யும் பொருளின் நெருங்கிய உறவு. கூழாகப் பூசி விளக்கின் கீழ் இறுக்குவது ஜெல். அந்த ஜெல்லிலும் அசிட்டோனுக்கு இளகுவது ஒன்று, எதற்கும் இளகாதது ஒன்று என இரண்டு வகை உண்டு. நோய் எதுவென்று அறியாமல் மருந்து கொடுப்பது எப்படியோ, நகம் எதுவென்று அறியாமல் கழற்றுவதும் அப்படியே.

பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் நகமென்றால் அசிட்டோன் இல்லாமலே பெரும்பாலும் காரியம் முடியும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், சில துளி தேங்காய் எண்ணெய். இதில் விரல்களைப் பதினைந்து இருபது நிமிடம் ஊறவைத்து, பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையைப் பக்கவாட்டிலிருந்து நுழைத்து மெல்ல அசைக்க வேண்டும். மேல்நோக்கி நெம்பக்கூடாது. நகம் வர மறுத்தால் மீண்டும் ஊறவையுங்கள். இரண்டு தடவை, மூன்று தடவை ஆகலாம். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள்.

எங்கள் பிள்ளையின் கையில் இருந்தது அக்ரிலிக் என்று மருமகள் கண்டுபிடித்தாள். அதற்குரிய முறையை அவள் சொன்ன ஒழுங்கிலேயே தருகிறேன். நீண்டிருக்கும் பகுதியை நகவெட்டியால் சிறிது சிறிதாக வெட்டிக் குறைக்க வேண்டும். பின்னர் மேலேயுள்ள பளபளப்பை மட்டும் நக அரத்தால் தேய்த்து நீக்க வேண்டும். அந்தப் பளபளப்பு இருக்கும்வரை அசிட்டோன் உள்ளே இறங்காது. ஆனால் சொந்த நகம் வரை அராவிவிடக் கூடாது, தூளையும் சுவாசிக்கக் கூடாது. நகத்தைச் சுற்றியுள்ள தோலில் வாஸ்லின் தடிப்பாகப் பூச வேண்டும். நகத்தின் அளவுக்குப் பஞ்சை வெட்டி அசிட்டோனில் நனைத்து, நகத்தின் மேல் வைத்து, சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளால் விரல் நுனியைச் சுற்றிவிட வேண்டும். ஜெல்லுக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம், அக்ரிலிக்குக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ. தாளை நீக்கும்போது செயற்கை நகம் ஊறிப்போன அப்பளம் போல் குழைந்திருக்கும். குச்சியால் தள்ளினால் வழிந்து வரும். வராவிட்டால் சுரண்டாமல், புதுப் பஞ்சு வைத்து மீண்டும் சுற்ற வேண்டும்.

"ஆக்கள் பிழை விடுறது அந்தக் கடைசி அஞ்சு நிமிசத்திலதான் மாமா. பாதி இளகின உடனே பொறுமை போயிடும். மிச்சத்தை உரிச்சிடுவினம்" என்றாள்.

ஏன் உரிக்கக் கூடாதென்று பெண்கள் கேட்டால், அழகு போய்விடும் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். நகம் என்பது கெரற்றின் என்னும் புரதத்தாலான படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடு. செயற்கை நகம் பிடித்துக்கொண்டிருப்பது மேற்படலத்தை. இழுத்தால் அது தனியே வருவதில்லை, தான் பற்றிய படலத்தையும் கூட்டிக்கொண்டு வரும். இன்னும் பலமாக இழுத்தால் நகமே அடியிலுள்ள தசையை விட்டுக் கிளம்பும். அப்படிக் கிளம்பிய இடைவெளி ஒரு சிறு குகை. ஈரமும் அழுக்கும் கிருமியும் அதற்குள் குடியேறும். சூடோமோனாஸ் என்னும் பற்றீரியா குடியேறினால் நகம் பச்சை நிறம் கொள்ளும். விரல் நகம் மாதமொன்றுக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் வளர்கிறது. அடியிலிருந்து நுனிவரை புதிதாக வர ஆறு மாதம் செல்லும். ஒரு நொடி இழுப்புக்கு ஆறு மாதம்.

நாள் முழுவதும் கை நனையும் தொழில் செய்வோருக்கு இந்த ஆறு மாதம் சாதாரணமானதல்ல. இந்தக் கரையில் பெண்கள் செய்யும் தொழில்களை எண்ணிப் பாருங்கள். நண்டுச் சதை எடுக்கிறார்கள், கருவாடு கழுவிக் காயவைக்கிறார்கள், உப்பளத்தில் உப்பு வாருகிறார்கள். உரிந்த நகத்தில் உப்புத்தண்ணீர் பட்டால் எப்படியிருக்கும் என்பதை நான் வருணிக்க வேண்டியதில்லை. நண்டின் முள் குத்திய சிறு காயமே இங்கே சில வேளைகளில் விரலை வீங்க வைத்து வைத்தியசாலைக்கு அனுப்பிவிடும். நகரத்துப் பெண்ணுக்கு ஒரு மாத அழகுக் குறைச்சலாக முடிவது, இங்கே ஒரு மாதக் கூலியாக முடியும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் சிக்கல்.

அசிட்டோனைப் பற்றியும் சில வார்த்தை சொல்லியாக வேண்டும். அது தீப்பற்றத் தேவையான ஆவியை விடுவதற்குப் பூச்சியத்துக்குக் கீழ் இருபது பாகை செல்சியஸ் போதும். மார்கழி இரவில் நுவரெலியாவிலேயே அது தாராளமாக ஆவி விடும் என்றால் கற்பிட்டி வெயிலைப் பற்றிக் கேட்பானேன். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். அடுப்பு, எரிவாயுக் குக்கர், குப்பி விளக்கு, சிகரெட், நுளம்புச் சுருள் எல்லாவற்றையும் அது தேடிச் சென்று சேரும். ஆகவே கதவு யன்னலைத் திறந்து வைத்து, நெருப்பில்லாத இடத்தில் செய்ய வேண்டும். சீக்கிரம் இளகட்டும் என்று அசிட்டோனை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்குவது தற்கொலைக்குச் சமம். பிளாஸ்டிக் கிண்ணம் சில வேளை அதில் கரைந்து ஒழுகும், கண்ணாடி அல்லது பீங்கான் நல்லது. பாவித்த பஞ்சை விறகடுப்பில் போடக் கூடாது. இதையும் யாராவது செய்வார்களா என்று கேட்காதீர்கள், அன்று நான் சொல்லாவிட்டால் அந்த வீட்டில் செய்திருப்பார்கள்.

இனி இன்னொரு குழப்பம். நாம் ஊரில் நகப்பூச்சு எல்லாவற்றையும் கியூட்டெக்ஸ் என்கிறோம், அது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர் என்பதை மறந்துவிட்டு. அதேபோல் நகப்பூச்சை அழிக்கும் திரவம் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணுகிறோம். கடைகளில் விற்கும் சிறிய போத்தல்கள் பலவற்றில் அசிட்டோன் இல்லை என்று ஆங்கிலத்தில் பெருமையாக எழுதியிருக்கும். சாதாரணப் பூச்சுக்கு அது போதும். அக்ரிலிக்கை அது அசைக்காது. அரை மணி நேரம் ஊறவைத்துப் பார்த்து, ஒன்றும் நடக்காமல், கடைசியில் பல்லால் இழுப்பவர்கள் இந்தக் குழப்பத்தில் விழுந்தவர்களே. பெயின்ற் தின்னரைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. வேண்டாம்.

தூய அசிட்டோனில் முக்கால் மணி நேரம் ஊறியும் கல்லுப் போல் நிற்கும் நகங்களும் உண்டு. ஒன்று, அது இளகாத வகை ஜெல்லாக இருக்கலாம். அதை அராவித்தான் எடுக்க வேண்டும், வீட்டில் முயலக் கூடாது. அல்லது மெதைல் மெதக்ரிலேற்று என்ற மலிவான திரவத்தால் வார்த்ததாக இருக்கலாம். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்திலேயே, இத்திரவத்தால் செய்த நகங்களால் விரல் நகம் சிதைந்ததாகவும் தோல் ஒவ்வாமை கண்டதாகவும் முறைப்பாடுகள் வந்து, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் நீதிமன்றம் சென்று முற்றிலும் அதனாலேயே ஆன நகப் பொருட்களைச் சந்தையிலிருந்து அகற்றியது. அது மிகவும் கடினமானது, அசிட்டோனுக்கும் எளிதில் இளகாது. எங்காவது மாட்டி இழுபட்டால் தான் உடையாமல் சொந்த நகத்தையே பெயர்த்துவிடும். இத்தகைய நகம் கையில் இருந்தால் பூட்டியவர்களிடமே திரும்பிச் செல்லுங்கள், அல்லது சரும வைத்தியரிடம் காட்டுங்கள். நுனியைக் குட்டையாக வெட்டிவிட்டு வளர்ந்து இறங்கும்வரை விட்டுவிடுவதும் ஒரு வழிதான், மெதுவான வழி.

பசையைப் பற்றி ஒன்று. நகப் பசை கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலின் அளவிலும் வடிவிலும் வருகிறது. கண் மருந்து என்று நினைத்து நகப் பசையைக் கண்ணில் விட்டுக்கொண்டவர்களைப் பற்றி வைத்திய சஞ்சிகைகள் பல முறை எழுதியிருக்கின்றன. அப்படி நேர்ந்தால் இமையைப் பிரிக்க முயலாமல் தண்ணீரால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். அசிட்டோன் கண்ணுக்கு அருகே வரவே கூடாது. அந்தப் பசை பருத்தித் துணியில் சிந்தினால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இவையெல்லாம் பூட்டிய அலுமாரிக்குள் இருக்க வேண்டும். செயற்கை நகம் நீக்கும் திரவத்தைக் குடித்துப் பதினாறு மாதக் குழந்தையொன்று இறந்த செய்தியை 1988இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை வெளியிட்டது. அந்தத் திரவத்தில் இருந்தது அசிட்டோன் அல்ல, அசிட்டோநைத்திரைல். உடலுக்குள் சென்றதும் அது சயனைட்டாக மாறுகிறது. பெயர்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன பாருங்கள். எழுதப்பட்டிருப்பதை வாசிக்க முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றே.

இங்கேதான் என் குறைக்கு வருகிறேன். தமிழும் சிங்களமும் இந்நாட்டின் அரச கரும மொழிகள் என்று அரசியலமைப்புக் கூறுகிறது. பதின்மூன்றாவது திருத்தம் 1987இல் வந்தது. மறுநாள் நண்பரின் பேரன் புத்தளம் நகரத்திலிருந்து வாங்கிவந்த அசிட்டோன் போத்தலில் ஒரு வரிகூட அவ்விரு மொழிகளில் இல்லை. கல்யாணப் பைக்குள் கிடந்த நகப் பெட்டியில் சீன மொழியும் ஆங்கிலமும் இருந்தன. ஒட்டும் முறைக்கு நான்கு படங்கள் போட்டிருந்தார்கள். கழற்றும் முறைக்குப் படமே இல்லை. ஒட்டுபவருக்குத்தானே காசு, கழற்றுபவருக்குக் கண்ணீர்.

பத்திரிகைக்காரர்களாகிய நாங்களும் இதில் குற்றவாளிகள். ஞாயிறு இதழொன்றின் மங்கையர் பக்கத்தை ஒன்றரை ஆண்டு காலம் நான் பொறுப்பாகப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை நாங்கள் ஆசிரியபீடத்தில் மதித்ததேயில்லை. ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து எதையாவது தமிழாக்கிப் போட்டு இடத்தை நிரப்புவோம். மணப்பெண் அலங்காரம் பற்றி எத்தனை குறிப்புகள் வெளியிட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பூசுவது எப்படி, தீட்டுவது எப்படி, ஒட்டுவது எப்படி. பூசியதையும் ஒட்டியதையும் எடுப்பது எப்படி என்று ஒரு வரி எழுதிய ஞாபகம் எனக்கில்லை. அது ஒரு செய்தியாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு முகநூலிலும் யூரியூபிலும் உள்ளவர்களைக் குறைகூறும் அருகதை எனக்கில்லை.

வேறொரு சாரார் இருக்கிறார்கள். பெண்ணின் கையில் காயம் கண்டவுடன், ஏன் போட்டாய் என்று தொடங்குவார்கள். அன்று அந்த வீட்டிலும் மூன்று பேர் அப்படித் தொடங்கினார்கள், மூவரும் ஆண்கள். தன் கூலியில் சேர்த்த காசில், தமக்கையின் கல்யாணத்துக்கு, நாளெல்லாம் நண்டு உடைக்கும் கையை மூன்று நாளைக்கு அழகாக வைத்திருக்க ஒரு பெண் ஆசைப்பட்டால் அதில் என்ன குற்றம் என்பது எனக்கு விளங்கவில்லை. அதட்டலுக்குப் பயந்துதான் அவள் பின்விறாந்தையில் ஒளிந்திருந்து பல்லால் இழுத்தாள். முதல் நாளே வாய்விட்டுக் கேட்டிருந்தால் அந்த இரண்டு நகங்களும் தப்பியிருக்கும்.

அவசரம் வேறு வடிவிலும் வரும். பிரசவத்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ போகும் பெண்ணிடம் தாதியர் நகப்பூச்சையும் செயற்கை நகத்தையும் நீக்கச் சொல்வது பழைய வழக்கம். விரலில் மாட்டி ஒட்சிசன் அளவைப் பார்க்கும் கருவி கொரோனாக் காலத்தில் எல்லார் வீட்டுக்கும் தெரிந்ததாயிற்று. ஒளியை நகத்தினூடாகச் செலுத்தி அளவெடுப்பது அது. நகப்பூச்சு அதைக் குழப்பக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இல் நினைவூட்டியது. காது மடலிலும் மாட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் நகத்தின் நிறம் நீலித்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று வைத்தியர் கண்ணால் பார்ப்பதும் உண்டல்லவா? ஆகவே பிரசவ நாள் நெருங்கும் பெண்கள் முன்கூட்டியே ஆறுதலாகக் கழற்றிவைப்பது நல்லது. வைத்தியசாலை ஊழியர்களுக்கோ விதி இன்னும் கடுமையானது. ஓக்லஹோமா நகரின் வைத்தியசாலையொன்றில் 1997, 1998இல் சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சூடோமோனாஸ் பரவி, தொற்றுக்குள்ளான சிசுக்களில் 16 பேர் இறந்தபோது, ஆராய்ந்தவர்களின் கவனம் இரண்டு தாதியரின் கைகளில் போய் நின்றது. ஒருவருக்கு நீண்ட சொந்த நகம், மற்றவருக்கு நீண்ட செயற்கை நகம். நோயாளரைத் தொடுபவர்கள் செயற்கை நகம் அணியக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் எழுதியது.

நான் கேட்பது பெரிய சட்டமல்ல. நகம் பூட்டும் நிலையம் சொல்லும் விலையில் கழற்றும் கூலியும் சேர்ந்திருக்க வேண்டும். கழற்றும் திகதியும் அன்றே குறிக்கப்பட வேண்டும். கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகரத்துக்கு நாற்பது கிலோமீற்றருக்குக் குறையாத தூரம். வேலைநாளில் அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, எந்தப் பொருளைப் பூட்டினோம், எதனால் கழற்றலாம், எவ்வளவு நேரம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டுக் கடதாசி கொடுக்கட்டும். தையற்கடைக்காரர் துணியைக் கழுவும் விதம் சொல்கிறார், பாமசிக்காரர் குளிசை போடும் நேரம் எழுதிக் கொடுக்கிறார். இவர்களுக்கு மட்டும் ஏன் இயலாது? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பருப்புக்கும் சீனிக்கும் விலை பார்க்கும் அச்சபை, தீப்பற்றும் திரவத்தின் போத்தலில் தமிழும் சிங்களமும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கலாம். படகுக் கொட்டில்காரர்களும் ஹார்ட்னரையும் அசிட்டோனையும் சோடாப் போத்தலில் ஊற்றுவதை விட வேண்டும். இதற்கு எந்தச் சபையும் வேண்டியதில்லை, ஒரு நிறச் சாயமும் தூரிகையும் போதும், அவர்களிடம் இரண்டும் தாராளமாக இருக்கின்றன.

அந்தப் பிள்ளை புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலி போயிற்று. எஞ்சிய எட்டு நகங்களையும் முற்றத்து வேப்பமரத்தடியில் வைத்துக் கழற்றினோம், நான்கு விரல் ஒரு தடவைக்கு. இரண்டரை மணி நேரம் சென்றது. உம்மும்மாதான் பஞ்சு வெட்டிக் கொடுத்தார். காயப்பட்ட இரண்டு விரல்களிலும் அசிட்டோன் படாமல் பார்த்துக்கொண்டோம். கழுவி, வாஸ்லின் பூசி, ஒட்டாத துணியால் கட்டினோம். கட்டோடு வுழூ செய்வது எப்படியென்ற அவளுடைய கேள்விக்கு நண்பரே பதில் சொன்னார், கட்டின் மேல் ஈரக்கையால் தடவிக்கொள்ள மார்க்கத்தில் இடமிருக்கிறது என்று. வியாழக்கிழமை கையுறையோடு வேலைக்குப் போனாள். ஒன்றரை மாதம் கழித்துப் படம் அனுப்பியிருந்தாள். அடியிலிருந்து நாலைந்து மில்லிமீற்றர் நல்ல நகம் வந்திருக்கிறது. உரிந்த பகுதி மேலே இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. பச்சை நிறமோ வீக்கமோ இல்லை. மருமகளுக்கும் அனுப்பினேன். எண்ணெய் பூசச் சொல்லுங்கோ, இன்னும் நாலு மாதத்துக்கு ஒன்றும் ஒட்ட வேண்டாமென்று சொல்லுங்கோ என்று பதில் வந்தது.